ஓம்ப்ராவின் வயிற்றில் கடல்

கடலை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட வேண்டும் என்று வளைகுடாவுக்கு வந்தவன் விஜின். கொளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவனுக்கு ஜெபல் அலித் துறைமுகத்தில் வேலை வாங்கிக் கொடுக்க நாலு சொந்தக்காரர்கள் தயாராக இருந்தார்கள். அவன் வேண்டாம் என்றான். லஹ்பாப் பக்கம், சிவப்பு மணல்மேடுகளுக்கு நடுவில், ஒரு குடும்பத்தின் சொந்தக் குதிரை லாயத்தில் சாணி அள்ளும் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதற்குப் போனான். அங்கிருந்து எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் காற்றும் மணலும் தவிர வேறு சத்தம் கிடையாது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஏழு வருடத்தில் அந்த லாயத்தின் பதினான்கு குதிரைகளும் அவன் பொறுப்பில் வந்தன. யாரும் தூக்கி விட்டு வந்ததல்ல. ஒவ்வொரு குதிரையும் ஒரு நாளைக்கு எத்தனை முறை சாணி போடுகிறது, எத்தனை வாளி தண்ணீர் குடிக்கிறது, காலையில் உடம்புச் சூடு என்ன என்று எழுதி வைக்கிறவன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான். பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு சரி. ஆனால் அவன் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு மாட்டு டாக்டர்கள் வேறு கேள்வி கேட்பதில்லை.

கடலை வெறுத்ததற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன், அவனுக்கு இருபத்திரண்டு வயதில், அவனும் கூட்டுக்காரன் ஜெனோவும் போன வள்ளம் கவிழ்ந்தது. விஜின் எப்படியோ கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் ஏறிவிட்டான். ஜெனோ உள்ளே, வள்ளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த கொஞ்சக் காற்றில், கால் வலையில் சிக்கிக் கிடந்தான். உள்ளிருந்து தட்டினான். விஜின் வள்ளத்தின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டு பதிலுக்குத் தட்டினான். அலை அடிக்கும் சத்தம், நடுவில் தட்டும் சத்தம், மறுபடி அலை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து சூரியன் தண்ணீரைத் தொடும் வரை அப்படி. அதன் பிறகு அலை மட்டும்தான் கேட்டது.

மறுநாள் வேறு வள்ளக்காரர்கள் அவனை எடுத்தார்கள். ஆனால் அந்தச் சத்தம் அவன் வலது காதிலேயே தங்கிவிட்டது. எட்டு மாதம் கட்டிலில் படுத்தாலும் அலை, சோற்றில் கை வைத்தாலும் அலை. நாகர்கோவிலில் காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். பிறகு வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தது அக்கா தங்கபுஷ்பம். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் நின்றது. விசாவுக்கான மெடிக்கல் ஃபாரத்தில், மனநோய்க்கு மருந்து எடுத்தது உண்டா என்ற இடத்தில், விஜின் 'இல்லை' என்று போட்டான். அந்த ஒரு பொய் மட்டும் ஏழு வருடமாக அவன் வயிற்றில் கிடந்தது.

ஓம்ப்ரா போன நவம்பரில் வந்தாள். முதலாளியின் மகள் மர்ஜானா இத்தாலியில் விடுமுறைக்குப் போன இடத்தில் சவாரி செய்த பெட்டைக் குதிரை. அரபிக் குதிரைகள் மட்டும் நின்ற லாயத்தில் அவளை இறக்கியபோது எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. வெயிலில் பளபளக்கிற கறுப்பு இல்லை. வெயிலை உள்ளே இழுத்துக்கொள்கிற கறுப்பு. தடித்த கழுத்து, அகன்ற மார்பு, பருத்த கால்கள். குளம்புகூடக் கறுப்புதான். லாடம் அடிக்க வந்தவர் இரண்டு ஆணி வளைந்த பிறகு, "இது குளம்பா, கருங்கல்லா?" என்று கேட்டார்.

"ஓம்ப்ரான்னா அவங்க பாஷையில நிழல்" என்றாள் மர்ஜானா. அவள் லாயத்து ஆட்களோடு இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவாள். "ஜாதி முர்ஜேசே. இத்தாலிக்குத் தெற்கே முர்ஜேன்னு ஒரு கல்லுக்காடு. மேலே தண்ணியே நிக்காது, பெய்யிற மழை எல்லாம் கல்லுக்குள்ள இறங்கிடும். அங்கே இவங்களை லாயத்துல கட்டிப்போட மாட்டாங்க. குட்டியிலிருந்து காட்டுலேயே, மழையிலயும் பனியிலயும் நிப்பாங்க. கல்லு நடுவுல முளைக்கிற புல்லு, ஓக் மரத்து இலை, அவ்வளவுதான் சாப்பாடு."

விஜின் கேட்டுக் கேட்டு அந்த ஜாதியைப் பற்றித் தெரிந்துகொண்டான். கூட வந்த காகிதத்தைப் போனில் காட்டி மொழிபெயர்க்க வைத்து மூன்று முறை வாசித்தான். ஐந்நூறு வருடத்துக்கு முன் வெனிஸ் நகரத்து ஆட்சிக்காரர்கள் படைக்காக அந்தக் கல்லுக்காட்டில் குதிரை வளர்த்தார்கள்; ஆப்பிரிக்காவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்த ரத்தம் அதில் கலந்தது; பிறகு குதிரைப்படைக்கு வேலையில்லாமல் போய், ஜாதியே அழிகிற நிலைக்கு வந்து, நூறு வருடத்துக்கு முன்தான் தேடிப் பொறுக்கிப் பெயர் எழுதி மீட்டார்கள். குணம் என்று எழுதியிருந்த இடத்தை விஜின் கோடு போட்டு வைத்தான். அமைதி. பொறுமை. கொஞ்சத்தில் பிழைக்கும். மிரளாது.

மிரளவில்லைதான். மணல் புயலில் அரபிக் குதிரைகள் பதினான்கும் கதவை உதைத்துக்கொண்டிருந்தபோது ஓம்ப்ரா கண்ணை மூடி நின்றாள். ஊசி போட்டால் தோலைக்கூடச் சுருக்கமாட்டாள். விஜினுக்கு அவள் மேல் ஒரு தனி மரியாதை வந்தது. அவளுக்கு இங்கே வீட்டு நினைப்பு வரக்கூடாது என்று ஒரு காரியம் செய்தான். மற்ற குதிரைகளுக்கு வைக்கோலை வலைப்பையில் தொங்கவிடுவார்கள். ஓம்ப்ரா பிறந்த இடத்தில் தலையைக் குனிந்து தரையில் மேய்கிறவள் அல்லவா, அவளுக்கு மட்டும் வைக்கோலைத் திறந்த கொட்டடியில் தரையிலேயே பரப்பிப் போட்டான். அவள் உதட்டால் மணலைக் கூட்டிக் கூட்டி, ஒரு துரும்பு விடாமல் பொறுக்குவாள். கல்லுக்காட்டுப் பிள்ளை சோற்றை வீணாக்காது என்று விஜின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அக்காவுக்கு வீடியோகூட அனுப்பினான். அவள் அதைத் தன் ரூமில் இருந்த ஆறு பேருக்கும் காட்டினாள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் லாயத்தில் பேச்சு மாறியது.

ஓம்ப்ரா கொட்டடியின் மேற்கு மூலையில் குழி தோண்ட ஆரம்பித்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு, வெயில் சாயும் நேரத்தில், முன்னங்காலால் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளுவாள். முடித்ததும் அதன் விளிம்பில் நின்று உள்ளே பார்ப்பாள். ஒரு ஆள் நீளம் இருக்கும், ஒரு ஆள் அகலம் இருக்கும். காலையில் விஜின் மூடுவான். சாயங்காலம் அதே இடத்தில், அதே அளவில், அதே திசையில் இருக்கும்.

"விஜின் பாய், அவ யாருக்குத் தோண்டுறா?" என்று கேட்டார் பக்கத்துக் கொட்டில்களைப் பார்க்கும் பெஷாவர்க்காரர். அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல கறுப்புக் குதிரை குழி தோண்டினா அந்த இடத்தை விட்டுடுவோம்."

இன்னொன்றும் செய்தாள். திடீரென்று தலையைத் திருப்பித் தன் வயிற்றைத் தானே பார்ப்பாள். ஈ உட்கார்ந்தால் பார்ப்பதுபோல இல்லை. உள்ளேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, காதை முன்னால் நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அடுத்த கொட்டிலில் நின்ற சாம்பல் நிறக் குதிரை அந்தச் சுவர்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது.

விஜின் பயப்படவில்லை. எழுதினான். சாணி ஒரு நாளைக்குப் பத்து முறை போட்டவள் எட்டு, எட்டிலிருந்து ஏழு. சூடு சரி. தீனி சரி. வெயில் காலம் தொடங்குகிறது, அதுவாக இருக்கும் என்று நினைத்தான். வயிற்றுவலி வந்த குதிரைகளை ஏழு வருடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறான். அரபிக் குதிரைக்கு வயிறு வலித்தால் உருளும், வியர்க்கும், ஊரையே கூட்டும். இவள் ஒன்றும் செய்யவில்லையே.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஓம்ப்ராவின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த முள்ளை எடுக்கக் குனிந்தான். இரண்டு கையாலும் மயிரை விலக்க வேண்டியிருந்ததால், முன்னங்கால்களுக்குப் பின்னால் வயிற்றின் அடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வலது காது அவள் வயிற்றில் பதிந்தது.

அலை அடித்தது.

கரைக்கு வந்து, மணலை இழுத்துக்கொண்டு, உள்ளே போகும் அலை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி வந்தது. கொளச்சல் கரையில் குப்புறப் படுத்துக் கேட்டால் எப்படியோ அப்படி. விஜின் முள்ளை விட்டுவிட்டான். ஆனால் தலையை எடுக்க முடியவில்லை. அடுத்த அலைக்குக் காத்துக்கிடந்தான். அலை வந்து போன இடைவெளியில் இன்னொன்று கேட்டது.

தட்டும் சத்தம். இரண்டு தட்டு, இடைவெளி. இரண்டு தட்டு, இடைவெளி.

அவன் எழுந்து கொட்டடிக்கு வெளியே வந்து, கதவைத் தாழ் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கினான். காதை விரலால் குடைந்தான். வெளியே காற்று மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, நாற்பது கிலோமீட்டர் மணலைத் தாண்டி, அது வந்துவிட்டது.

புதன்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டாள். குரல் கேட்ட உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"லேய் மக்கா, என்னடே ஆச்சு? கொரலு செரியில்லியே."

"ஒண்ணும் இல்லக்கா. தூக்கம் இல்ல."

"சத்தம் கேக்கா?"

விஜின் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினான்.

"எத்தன நாளா?"

"நேத்து. ஒருக்க தான். அதும் எனக்க காதில இல்லக்கா. குதிரைக்க வயித்துல கேக்கு."

துவைக்கும் மிஷின்களின் இரைச்சலிலிருந்து அவள் வெளியே வந்து கதவைச் சாத்துவது கேட்டது. "வயித்துக்குள்ள கடலா?" என்றாள் அக்கா.

"கடலு. தட்டவும் செய்யான்."

"யாரு?"

அவன் பெயரைச் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. "யாருட்டயாவது சொன்னியா?" என்றாள்.

"சொன்னா என்ன சொல்லுவாவ? பைத்தியம்னு அடுத்த ஃபிளைட்டுல ஏத்தி விடுவாவ. ஃபாரத்துல நான் இல்லன்னுல்லா போட்டேன்."

"அது கெடக்கட்டும். நீ தனியா போயி அதுல காது வச்சிட்டு இருக்காத, கேட்டியா? வேற ஒருத்தரையும் கேக்கச் சொல்லு. அவியளுக்கும் கேட்டா அது குதிரைக்கது. கேக்கலன்னா எனக்குப் போன் பண்ணு, நான் லீவு போட்டு வாறேன்."

நல்ல யோசனைதான். ஆனால் இன்னொருவரைக் கேட்கச் சொல்ல விஜினுக்குத் துணிச்சல் வரவில்லை. அவர்களுக்குக் கேட்காவிட்டால்? அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனான். போகாமல் இருக்கவும் முடியவில்லை. ஓம்ப்ரா குழியின் விளிம்பில் நின்றிருந்தாள். காதை வைத்தான். அலை நேற்றைவிடக் கனமாக இருந்தது. தட்டும் சத்தம் நேற்றைவிட அவசரமாக இருந்தது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். எண்ணுவது அவனுக்குப் பழக்கம். ஒரு நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. அதை எழுதாமல் விட்டான். அந்த லாயத்தில் அவன் பார்த்து எழுதாமல் விட்ட முதல் எண் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓம்ப்ரா குழிக்குள் படுத்திருந்தாள். நாய் படுப்பதுபோல, முன்னங்கால்களை மடித்து, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு. குழி அவளுக்குப் போதாது. ஆனால் மார்பும் வயிறும் அதில் சரியாகப் பொருந்தியிருந்தன. சுற்றிலும் இருந்த பதினான்கு குதிரைகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. விஜின் போய் மண்டியிட்டான். காதை வைத்த உடனே தட்டும் சத்தம்தான் முதலில் வந்தது. அறுபத்துநாலு.

ஜெனோ கடைசியில் இப்படித்தான் தட்டினான். முதலில் நிதானமாக, கேள்வி கேட்பதுபோலத் தட்டிக்கொண்டிருந்தவன், முடிவில் இடைவெளியே இல்லாமல் தட்டினான். வள்ளத்தைத் திருப்ப இவன் ஒருவனால் முடியவில்லை. கேட்டுக்கொண்டே கிடந்தான். இப்போதும் கேட்டுக்கொண்டே கிடக்கிறான்.

அந்த நினைப்பு வந்ததும் விஜின் எழுந்து ஓடினான். ஸ்டோரில் மகேசன் தீனி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இலங்கை மலைநாட்டுக்காரர், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர்.

"அண்ணே, வாங்க. கேள்வி கேக்காதீங்க. குதிரைக்க வயித்துல காது வச்சு என்ன கேக்குன்னு சொல்லணும்."

"என்ன தம்பி, குட்டி போடப் போகுதா? நான் மருத்துவச்சி இல்லையே" என்றார் மகேசன். விஜினின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்து வந்தார்.

குழியில் படுத்திருந்த கறுப்பு உருவத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்த பீடியையும் போனையும் எடுத்து வேலிமேல் வைத்துவிட்டு, குனிந்து காதை வைத்தார். விஜின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம் போனது. மகேசனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குக் கேட்கவில்லை, முடிந்தது என்று விஜின் நினைத்தான்.

"அட" என்றார் மகேசன். "சலிப்பறைங்க."

"என்னண்ணே?"

"எங்க ஃபேக்டரியில பெரிய சல்லடை ஒண்ணு ஆடும். டஸ்ட்டு, தேயிலைத் தூளுல ஆகக் கடைசித் தூளு, அது தகரத்து மேல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரியும் பாருங்க, அதே சத்தம். ஒன்பது வருசம் கேட்டேன், எனக்குத் தெரியாதா. இதுக்குள்ள என்னமோ தூளு கிடக்கு தம்பி. கொஞ்சம் இல்ல, ஒரு மூட்டை கிடக்கு."

"அலை இல்லியா?"

"எனக்கு அலை தெரியாதுங்க. கடலை நான் கொழும்புல ஒருக்கா பார்த்தேன், அதும் பஸ்ஸுக்குள்ள இருந்து." மறுபடி காதை வைத்தார். "நெஞ்சு வேற என்ன அடி அடிக்குது. பாவம், இதுக்கு வலிக்குதுங்க."

நெஞ்சு. யோசித்திருந்தால் விஜினுக்கே தெரிந்திருக்கும். எத்தனை குதிரையின் நெஞ்சடிப்பைக் கேட்டவன் அவன். பயந்தவன் யோசிப்பதில்லை. அவன் குனிந்து, ஓம்ப்ரா படுத்திருந்த இடத்துக்கு முன்னாலிருந்த மணலைப் பார்த்தான். உதட்டால் கூட்டிய தடம் விசிறி விசிறியாக இருந்தது. நடுவில் ஒரு துரும்புகூட இல்லை. அவன் பரப்பிப் போட்ட வைக்கோலோடு அவள் நாலு மாதமாக எதைத் தின்றாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கல்லுக்காட்டில் உதட்டால் கூட்டினால் கல் வராது. இங்கே மணல் வரும்.

மாட்டு டாக்டர் சேதுமாதவன் பாலக்காட்டுக்காரர். அல் ஆவீரிலிருந்து நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டார். மர்ஜானாவும் வந்து சேர்ந்தாள். இருவருக்கும் முன்னால் விஜின் எல்லாவற்றையும் சொன்னான். வைக்கோலைத் தரையில் போட்டது அவன்தான். சத்தம் கேட்டு மூன்று நாள் ஆகிறது. சொல்லாமல் மறைத்தான்.

"ஏன் சொல்லல்ல?" என்றார் டாக்டர்.

"கடல் சத்தம் கேட்டுது டாக்டரே. முன்ன ஒரு காலத்துல எனக்கு இல்லாத சத்தம் கேட்டுட்டு இருந்தது. மாத்திரை தின்னேன். ஃபாரத்துல எழுதல்ல. இது மறுபடியும் அதுதான்னு நெனச்சேன்."

மர்ஜானா அவனைப் பார்த்தாள். கோபமா பயமா என்று தெரியாத பார்வை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, விஜின் காதை வைத்த அதே இடத்தில், மார்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு காதுக்குழாயைக் கழற்றி மர்ஜானாவிடம் கொடுத்தார். அவள் கேட்டாள். அவள் கை தானாகப் போய்த் தன் வாயை மூடிக்கொண்டது.

"கடல்தான்" என்றாள்.

"மணல்" என்றார் டாக்டர். "குடல் அசையும்போது உள்ளே கிடக்கிற மணல் நகரும். எங்க படிப்பிலேயே கடற்கரைச் சத்தம்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க. இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல்ல." விஜினிடம் திரும்பினார். "இந்த ஜாதி வலியை வெளியே காட்டாது. குழி தோண்டுறது, வயித்தைப் பார்க்கிறது, அதுதான் இதோட அலறல். நாம யாரும் அதைப் புரிஞ்சுக்கல்ல. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா குடல் அடைச்சு, அறுத்துத்தான் பார்க்கணும்."

அவர் ஒரு நீளமான ரப்பர் கையுறையைக் கேட்டு வாங்கி, சாணியை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, விரல்கள் கீழே தொங்கும்படி வேலியில் கட்டினார். பத்து நிமிடத்தில் ஐந்து விரலிலும் மணல் இறங்கியது. சிவப்பு மணல். வேலியிலிருந்து ஒரு சிவந்த கை கீழே நீட்டிக்கொண்டிருப்பதைப்போலத் தெரிந்தது. பெஷாவர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இசப்கோல் தூளும் பேதி உப்பும் கரைத்த தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கினார்கள். ஓம்ப்ரா தலையைக்கூட அசைக்கவில்லை. எட்டு நாள் இதே வேலை. கொட்டடி முழுதும் சரளைக்கல் கொட்டினார்கள். விஜின் சாணி ஒவ்வொன்றையும் கரைத்து, கையுறையில் எத்தனை விரற்கடை மணல் என்று எழுதினான். முதல் நாள் மூன்று, நாலாம் நாள் நிறைந்து வழிந்தது, ஏழாம் நாள் அரை, எட்டாம் நாள் ஒன்றுமில்லை. நெஞ்சடிப்பு முப்பத்தாறுக்கு வந்தது. குழி ஏன் எப்போதும் ஒரே அளவில், மேற்கே பார்த்து இருந்தது என்று மர்ஜானா கேட்டபோது, "அது எனக்குத் தெரியாது" என்று மட்டும் டாக்டர் சொன்னார். மேற்கே போனால் கடல்.

எட்டாம் நாள் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தம், மருந்தை நிறுத்தலாம்" என்றார். மகேசன் காதை வைத்துவிட்டு, "சலிப்பறையை மூடிட்டாங்க" என்றார். மர்ஜானாவும் கேட்டாள், ஒன்றுமில்லை. அவள் அன்றே ஓம்ப்ராவைக் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள்.

விஜின் குனிந்து வலது காதை வைத்தான். மற்றவர்கள் பேசி முடித்துக் காத்து நின்றார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. நேரம் போகப் போக மர்ஜானா அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது குனிந்து கிடந்தபோதே விஜினுக்குத் தெரிந்தது. மூன்று பேருக்குக் கேட்காத சத்தம். இதை ஒரு முறை சொல்லிவிட்டால் பிறகு திரும்ப வாங்க முடியாது. அவன் வேலை, விசா, ஏழு வருடம் எல்லாம் அதில் இருந்தது.

"கேக்கு டாக்டரே" என்றான். "தூரத்துல. சின்ன அலை. நிறுத்தப்பிடாது."

"மூணு பேர் கேட்டாச்சே விஜின்" என்றாள் மர்ஜானா, குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாக.

"தெரியும் மேடம். என்னை நம்பாண்டாம். வண்டியில படம் எடுக்கிற மிஷின் உண்டுல்லா, எடுத்துப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா நானே டிக்கெட் எடுத்துட்டுப் போறேன்."

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீ எத்ர நேரம் கேட்டு?" என்றார்.

"இருபத்திரண்டு நிமிஷம். நாலு தடவ வந்தது."

"நான் மூணு நிமிஷம்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டிக்குப் போனார்.

எக்ஸ்ரே தகட்டை வயிற்றின் ஒரு பக்கத்தில் பிடித்தார்கள். திரையில் சாம்பலும் கறுப்புமாகப் படம் வந்தது. வயிற்றின் அடியில், ஒரு நகத்தின் தடிப்பில், வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது; கடல் உள்வாங்கிய பிறகு கரையில் நிற்கும் ஈரத்தைப்போல. மர்ஜானா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். டாக்டர் மருந்துப் பெட்டியை மறுபடி திறந்தார்.

இன்னும் பத்து நாள் மருந்து போனது. ஃபாரத்து விஷயத்தை மர்ஜானா தன் அப்பாவிடம் சொன்னாளா என்று விஜின் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலையில் அவள் ஒரு புது ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து ஸ்டோரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். விஜின் அதைத் தொடவில்லை. காதே போதும் என்றான்.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் அவன் போய் ஓம்ப்ராவின் அடியில் குனிந்தான். அரை மணி நேரம் வைத்திருந்தான். குடல் உறுமியது, நெஞ்சு அடித்தது. வேறொன்றும் இல்லை. இன்னும் அரை மணி நேரம் வைத்தான். அவள் தலையைத் திருப்பி, வயிற்றைப் பார்க்காமல், அவனைப் பார்த்தாள். கொட்டடியில் சரளைக்கல் மேல் மெல்ல இருட்டத் தொடங்கியிருந்தது. அவ்வளவு அமைதியாக ஒரு உடம்பு இருக்குமா என்று அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. எழுந்து டாக்டருக்குப் போன் போட்டான்.

"டாக்டரே, இப்ப ஒண்ணும் கேக்கல்ல. ஒரு மணிக்கூர் கேட்டாச்சு. மருந்தை நிறுத்துறதுக்கு முன்ன நீங்க ஒருக்க வந்து பாத்துச் சொல்லணும்."

அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டுப் பேசினார்.

"நீ கேட்டல்லோ" என்றார். "பின்ன நான் எதுக்கு?"